இந்த ஒரு வாரம் மட்டும்

1
இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. என்னிடம் ஒரு பழைய எக்செல் கோப்பு உண்டு. திறக்கும்போதெல்லாம், "இதில் மேக்ரோக்கள் உள்ளன, இயக்கவா?" என்று கேட்கும். (மேக்ரோ என்பது, கோப்பு தானாகவே ஒரு வேலையைச் செய்துகொள்ள யாரோ எழுதிவைத்த கட்டளை.) பல வருடமாகப் பார்க்காமலே "சரி" என்று அழுத்தியிருக்கிறேன். எதற்குச் சரி சொன்னேன் என்று ஒருநாள் பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு ஆளைத் தேடினேன்.

2
முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆய்வகத்தின்..."

வேண்டாம். மழையையும் மேக்ரோவையும் சேர்ப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை.

நேராகச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அக்காவும் தங்கையும் வேலை பார்க்கிறார்கள். ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. அக்காவுக்குக் காலை ஷிப்ட் என்றால் தங்கைக்கு மாலை. வாசலில் ஒருத்தி வர ஒருத்தி போவாள், தலையைக் குனிந்துகொண்டு.

"என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லி மாத்தி வாங்கிக்கிறா" என்று அக்கா தன் கணவரிடம் சொல்வாள். தங்கையும் அவள் வீட்டில் இதையே சொல்கிறாளாம்.*

* இதற்கு என்னிடம் சாட்சி இல்லை. கதை அக்காவின் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

3
இடுப்பு வலி என்று அக்காவுக்குப் பத்து நாள் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். மேலாளர் டூட்டி சார்ட் கோப்பை அவளிடம் ஒப்படைத்தார்.

"மேக்ரோ இருந்தா புது சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா. பழைய கிளார்க் என்னென்னமோ எழுதி வச்சுட்டு ரிடையர் ஆயிட்டாரு. எல்லாத்தையும் தூக்கிடுங்க."

"ஏதாவது தேவைப்பட்டா, சார்?"

"இத்தனை வருஷத்துல யாரும் திறந்தே பார்க்கல. என்ன தேவைப்படப் போகுது."

முதல் மேக்ரோ விடுமுறை நாட்களுக்குச் சிவப்பு அடித்தது. அழித்தாள். இரண்டாவது, மேலாளர் பெயரை மட்டும் பெரிய எழுத்தாக்கியது. சிரித்துக்கொண்டே அழித்தாள். மூன்றாவதில் இரண்டு ஊழியர் எண்கள் இருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது தங்கையுடையது. இரண்டும் ஒரே ஷிப்டில் வந்தால் ஒன்றை நகர்த்து என்று கட்டளை. மேலே கிளார்க்கின் குறிப்பு: "பெரியக்கா கேட்டாங்க. இந்த ஒரு வாரம் மட்டும்."

ஆய்வகத்தில் பெரியக்கா என்றால் அவள்தான். குறிப்பில் இருந்த தேதி, ஏழு வருடத்துக்கு முன் அப்பாவை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று இருவரும் வார்த்தை தடித்த நாளுக்கு மறுநாள். கிளார்க்கின் மேசை முன்னால் நின்றது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

4
ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் அந்தக் குறிப்பில் "சின்னக்கா கேட்டாங்க" என்றுதான் எழுதியிருந்தேன். எனக்கும் வசதி, அக்காவுக்கும் வசதி. அவள் பெருந்தன்மையாக மன்னித்திருப்பாள். அவளைத் தப்பவிடத்தான் பார்க்கிறேன் என்று புரிந்ததும் அந்த வரியை அடித்துவிட்டேன். கேட்டவள் அவள். மறந்தவளும் அவள். ஏழு வருடம் பழி மட்டும் தங்கை தலையில் விழுந்தது. எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

5
[அழிக்காமல் விடும் முடிவு: "சார், இது எனக்கு வராது என்று அவள் கோப்பை மூடி..." மேலே ஓடவில்லை.]

அழித்தாள். புது சிஸ்டத்தில் ஏற்றியதும் அடுத்த மாத சார்ட் வந்தது. புதன் காலை, இருவருக்கும் ஒரே ஷிப்ட். அச்செடுத்துப் பலகையில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். குறிப்பைச் சொல்லிவிடுவதா, தற்செயல் போல இருந்துவிடுவதா என்று இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். அதற்குள் தங்கை உள்ளே வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"புதன்கிழமை நம்மள சேர்த்துப் போட்டிருக்காங்க. நீ கேட்டதாலயாக்கா?"

ஆமாம் என்றால் இன்றைக்கே இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். இல்லை என்றால் ஏழு வருடத்தையும் சொல்லியாக வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தங்கை நின்றுகொண்டே இருக்கிறாள், நீங்களாவது பதில் சொல்லுங்கள்.