கப்பல்களுக்கும் ஆயுத பூஜை

என்னோடு வேலை பார்க்கும் கமலக்கண்ணன் செய்த துறைமுகப் படத்தைக் கண்ணால் மட்டும் பார்க்க முடியாது. கை தானாகப் போய்த் தொட்டுவிடும். எங்கள் மூக்கண்டப்பள்ளிப் பட்டறையில் லாரி பாடியின் நெளிவுகளில் பூசும் பட்டியைத்தான் பிளைவுட் பலகையில் அப்பி, தகட்டால் இழுத்து இழுத்து அலையாக்கியிருந்தான். கப்பல்கள் வயிறு புடைத்து நெருக்கியடித்து நிற்கும். கிரேன், கயிறு, மூட்டை, புகை, ஒன்றையும் விடவில்லை பாவி. தூத்துக்குடிக்காரன் இல்லையா! நானும் அதே பட்டியைத்தான் வருஷக்கணக்காகப் பூசுகிறேன். என் கையில் ஒரு நண்டுகூட வந்ததில்லை.

புது ஆபீஸின் முன்சுவருக்குப் பெங்களூரிலிருந்து படம் வாங்க இருந்த முதலாளி நாராயணப்பனிடம், "நான் செஞ்சு தாரேன் சார்" என்று கேட்டு வாங்கிய வேலை இது. ஆயுத பூஜையன்று பார்த்து, பிடித்தால் மாட்டுவார். பிடிக்காவிட்டால் பெங்களூர்ப் படம்தான். அந்த வாரம் முழுக்கக் கமலக்கண்ணனுக்குச் சோறே இறங்கவில்லை.

பூஜையன்று காலை வாசலில் தோரணம் கட்டிவிட்டு ஷெட்டுக்குள் போனோம். கூட்டிப் பெருக்கும் சரசம்மா மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். படத்திலும் ஒரு கப்பல் விடாமல் பொட்டு.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய!" கமலக்கண்ணன் துணியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"லாரிக்கு வெச்சன், கம்ப்ரஸருக்கு வெச்சன். கப்பலும் வண்டிதானே தம்பி? இதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்?"

துடைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். தொடுவானத்தில் தகட்டு நுனியால் கீறிவிட்ட கப்பல்கள் சில இருந்தன. நான் தூசி என்று நினைத்திருந்தவை. அவை ஒவ்வொன்றிலும் கடுகளவு குங்குமம்.

"இதையுமா பாத்திய?" என்றான்.

"தீக்குச்சில தொட்டு வெச்சன். அவ்ளோ தூரத்துல இருந்தாலும் உள்ள ஆளுங்க இருப்பாங்கல்ல? அவங்களுக்கும் இன்னிக்குப் பூசைதானே."

கடலையே பார்த்திராத உத்தனப்பள்ளிக்காரர் சொன்ன பேச்சு இது! கமலக்கண்ணன் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டான்.

முதலாளி வந்து படத்தைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பரப்பா! பெங்களூர்ப் படம் வேணாம், இதையே மாட்டிடலாம். அந்தப் பொட்டை மட்டும் துடைச்சிடு. கஸ்டமருங்க வர்ற இடம்."

"பொட்டோட மாட்டுறதுன்னா மாட்டுங்க சார். இல்லைன்னா இது ஷெட்லயே இருக்கட்டும்" என்றான் கமலக்கண்ணன்.

கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்துகொள்கிறானே என்று நான் பதறிப்போனேன்.

 முதலாளி கற்பூரத் தட்டை எடுத்தார். மெஷின் மெஷினாகக் காட்டிக்கொண்டே போனவர், படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கிட்டத்துக் கப்பலில் தொடங்கிய தீபம் மெல்ல மெல்லத் தொடுவானம் வரை போய் வந்தது.

"யாராச்சும் ஆணி எடுத்துட்டு வாங்கப்பா" என்றார்.

சரசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.