இடது மட்கார்டில் ஒரு பச்சை

என் ஆஸ்டின் காரில் ஓட்டை போட நான் எவனையும் விட்டதில்லை. வண்டிக்கு அப்போது பதினோரு வயது. ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டிவிட்டுச் சீமைக்குத் திரும்பும்போது என் கைக்கு வந்தது. வாடகைக்குத்தான் ஓட்டினேன். ஆனால் யாராவது அதை வாடகை வண்டி என்று சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஞானதீபம் பொண்டாட்டிய ஏசுவான், காரை ஏச மாட்டான்" என்று தூத்துக்குடியில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், எனக்கென்ன!

நாற்பத்திரண்டாம் வருஷம் ஈஸ்டர் ஞாயிறன்று காலையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொழும்பு எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. வீட்டுக்கு ஒருத்தராவது அங்கே கடையில் இருப்பார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் ஊர் காலியாக ஆரம்பித்துவிட்டது. ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. அடுத்த குண்டு நம் துறைமுகத்துக்குத்தான் என்று சொல்லாத வாய் இல்லை. என் மனைவி ஜெபசெல்வியையும் நாலு வயது மகள் கிரேசியையும் அன்றைக்கே சாத்தான்குளத்தில் மாமனார் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடிவு செய்தேன். கட்டிலும் பெட்டிகளும் ரோச்சின் லாரியில், உப்பு மூட்டைகளுக்கு மேலே. நான் காரில் முன்னால், அவன் லாரியில் பின்னால்.

அவன் பின்னால் வருகிறான் என்பதுதான் எனக்கு யோசனை.

ரோச் என் சேக்காளி. இளவயதில் சங்கு குளித்தவன். கடலின் ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்தும் விடாமல் குளித்தவன். அப்புறம் துறைமுகத்து மோட்டார் படகான லாஞ்சில் ரொம்ப வருஷம் சுக்கான் பிடித்தான். கப்பல் ஊதுகிற சத்தமே கேட்காத அளவுக்குக் காது போனதும் இறக்கிவிட்டார்கள். லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் பட்டாளத்துக்குப் போய்விட்ட காலம் அது. ஸ்டியரிங் பிடிக்கக் கை இருந்தால் போதும் என்று ஓர் உப்பு முதலாளி இவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். செவிட்டு டிரைவர்! ஹார்ன் அடித்தாலும் கேட்காது, தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான்.

இரண்டு நாளைக்கு முன்னால்தான் ரயில்வே கேட்டில் அது நடந்தது. கேட் மூடியதால் நான் நிறுத்தினேன். பின்னால் வந்த ரோச் நிறுத்தவில்லை. என் காருக்கு வலது பக்கம் மட்டும்தான் ஒரு பிரேக் லைட், அதுவும் காலணா அளவு. ராத்திரியில் விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டதால் அதிலும் பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது. நல்லவேளை, காலி லாரி, மெதுவாக வந்தான். பம்பர் நசுங்கியது. பின் சீட்டில் நின்றுகொண்டிருந்த கிரேசி முன் சீட்டில் போய் மோதி, நெற்றி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஜெபசெல்வி ஒரே பிடி.

"பீச்சாங்கைப் பக்கமும் ஒரு பிரேக் லைட்டு வைங்க. அது எரியுதத என் கண்ணால பாத்தாத்தான் நானும் பிள்ளையும் ஏறுவோம். இல்லன்னா இங்கனயே கெடக்கோம். குண்டு விழுந்தா விழட்டும்."

"ஏளா, மட்கார்டுல ஓட்டை போடணும்ளா!"

"பிள்ளை மண்டையில ஓட்டை விழுந்தா பரவாயில்லையோ?"

இடது மட்கார்டை ஒரு தரம் தடவிக் கொடுத்தேன்.

"அப்ப அண்ணாச்சிய முன்னால போவச் சொல்லுங்க" என்றாள். அதுவும் நடக்காது. ரோச்சுக்குக் கடலில் கொழும்புக்கு வழி தெரியும், சாத்தான்குளத்துக்குத் தெரியாது. போதாததற்கு அவன் லாரியின் முன்விளக்கில் ஒன்று செத்துப்போய்விட்டது. மற்றதில் மை பூசியிருந்தது. இருட்டிவிட்டால் என் காரின் வால் விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் அவன் வர முடியும்.

திங்கட்கிழமை காலையிலிருந்து சிவப்பு விளக்குக்கு அலைந்தேன். கடை திறந்திருந்தால்தானே! கடைசியில் ரோச், "நான் கொண்டாரேன்" என்று துறைமுகத்துப் பக்கம் போனான். உச்சி சாய்ந்தும் ஆள் வரவில்லை. எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. தெருவில் வண்டி வண்டியாகச் சனம் போய்க்கொண்டிருந்தது. அவன் வந்து துண்டை அவிழ்த்துக் காட்டினான். உடைத்துப்போட்ட பழைய லாஞ்சின் பித்தளை விளக்கு. கண்ணாடி பச்சை.

"ஏலே, என்னலே இது? பச்சையா இருக்கு!"

"பச்சைதான். ஒங்கிட்ட செவப்பு ஒண்ணு இருக்குல்லா? ஜோடிக்குப் பச்சை வேணும்லா?"

லாஞ்சில் அப்படித்தான், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. ரோச்சின் கணக்கில் என் ஆஸ்டின் கார் ஒரு விளக்கு இல்லாத லாஞ்சு!

"கூறுகெட்டவனே! ரயிலுக்குப் பச்சை காட்டுனா என்ன அர்த்தம்? போன்னு அர்த்தம்! நான் நிக்கேன்னு காட்டணும்லே. வா, வந்து மோதுன்னு கூப்பிடவா?"

"கடல்ல ஏதுலே ரயிலு?" என்றான் சாவகாசமாக.

அவனை அங்கேயே கொன்றுபோட்டிருப்பேன். ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு விளக்குக்கு எங்கே போவது? பச்சையோ மஞ்சளோ, திடீரென்று ஒன்று பளிச்சென்று எரிந்தால் நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தால் சரி. விரலை ஆட்டி ஆட்டி அதைப் பத்து தரம் சொன்னேன். பத்து தரமும் தலையை ஆட்டினான்.

ஓட்டையை நானே போட்டேன். அந்தக் கிறீச்சென்ற சத்தம் என் பல்லைக் குடைகிற மாதிரி இருந்தது. பழைய விளக்கின் வயரிலிருந்து ஒரு வயரைப் பிரித்து இடது மட்கார்டுக்கு இழுத்தேன். பித்தளைக் கூட்டுக்குள் கார் பல்பைப் பொருத்தினேன். பெடலை மிதித்தேன். பின்னால் நின்ற ரோச் கையை விரித்தான். எரியவில்லை. வயரை மாற்றினேன், எரியவில்லை. ஜெபசெல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏசினாலும் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வை பொல்லாதது. கடைசியில் விளக்கு உட்காரும் இடத்தில் பெயிண்ட் மறைப்பதால் கரண்டு ஓடவில்லை என்பது உறைத்தது. என் கையாலேயே அந்தப் பெயிண்டைச் சுரண்டினேன். மறுபடி மிதித்ததும் ரோச் இரண்டு கையையும் தூக்கினான்.

"எரியுது" என்றாள் ஜெபசெல்வி. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும், "பச்சையா எரியுது" என்று முனகினாள்.

புறப்படும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது.

பிரேக் லைட்டில் ஒரு கொடுமை இருக்கிறது. மிதிக்கிறவனுக்கு அது தெரியாது. எரிந்ததா, வயர் விட்டுப்போச்சா, பின்னால் வருகிறவன் பார்த்தானா, ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் லாரியின் மூக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஊர் தாண்டியதும் வேண்டுமென்றே ஒரு தரம் மெதுவாக மிதித்தேன். லாரி வேகம் குறைந்தது.

"அண்ணாச்சி பாத்துட்டாவ" என்றாள் ஜெபசெல்வி. அவளும் திரும்பித் திரும்பி அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

முள்ளக்காட்டைத் தாண்டி உப்பளத்துக்குள் ரோடு நுழையும்போது பொழுது அடைந்துவிட்டது. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர். நடுவில் ரோடு ஒரு கோடு. எனக்கு முன்னே போன மாட்டுவண்டிகள் கிளப்பிய புழுதி அப்படியே நின்றது. மை பூசிய என் முன்விளக்கு மூக்குக்கு முன்னால் ஒரு பாய் அளவு இடத்தைத்தான் காட்டியது. பின்னால் லாரி நெருங்கி வந்துகொண்டிருந்தது. புழுதியில் என்னைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று நெருங்குகிறான். நெருங்காதேடா பாவி, நெருங்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை வெளியே நீட்டி ஆட்டினேன். அந்த இருட்டில் எவனுக்குத் தெரியும்!

கிரேசி தாயின் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

திடீரென்று விளக்கு வெளிச்சத்துக்குள் ஒரு மாட்டின் முகம் வந்தது. அச்சு முறிந்த உப்பு வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. விளக்கு கிடையாது. மாடு நடுரோட்டில் படுத்திருந்தது. நான் மிதித்தேன். பெடல் உடைந்துபோகிற மாதிரி மிதித்தேன். ஆஸ்டின் வழுக்கிக்கொண்டே போய் மாட்டுக்கு முன்னால் நின்றது.

நின்றபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பின்னால் மூட்டை மூட்டையாக உப்பு ஏற்றிய லாரி. பாரத்தோடு அதன் பிரேக்கை நான் அறிவேன். இங்கே மிதித்தால் அடுத்த ஊரில்தான் நிற்கும். கண்ணாடியில் அந்த ஒற்றை விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜெபசெல்வி திரும்பிப் பார்த்துவிட்டு, கிரேசியின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். "ஏசுவே, ஏசுவே" என்ற சத்தம் மட்டும் கேட்டது. நான் பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை. எடுத்தால் விளக்கு அணைந்துவிடும்.

காற்று ஒன்று என் வலது காதை அறைந்துகொண்டு போனது. அடுத்த கணம் வலது பக்கத்து உப்பளத்தில் பெரிய சத்தம். தண்ணீர் எழும்பி ஜன்னல் வழியாக எங்கள் தலைமேல் கொட்டியது. உதட்டில் உப்புக் கரித்தது. கிரேசி விழித்துக்கொண்டு வீறிட்டாள். அவள் அழுத சத்தத்தைக் கேட்டதும், ஆண்டவரே, பிள்ளை அழுகிறாள், பிள்ளை இருக்கிறாள் என்று நானும் கத்தினேன்.

லாரி மூக்குக் குத்திப் பாத்திக்குள் சாய்ந்து கிடந்தது. எங்கள் கட்டில் தண்ணீரில் மிதந்தது. நான் குதித்து முழங்காலளவு உப்புத் தண்ணீரில் ஓடினேன். உப்பளக் காவல்காரன் ஒருத்தன் அரிக்கேன் விளக்கோடு பின்னாலேயே ஓடி வந்தான். ரோச் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே சிக்கியிருந்தான். அவன் வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கித் தொங்கியது. எலும்பு வெளியே தெரிந்தது. அதில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும்! அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாதாவே" என்றான். அந்தக் கை அதற்கப்புறம் சுக்கானையும் பிடிக்கவில்லை, ஸ்டியரிங்கையும் பிடிக்கவில்லை.

வெளியே இழுத்து வரப்பில் சாய்த்தேன்.

"பிள்ளை?" என்றான்.

ஜெபசெல்வி ரோட்டிலிருந்து கிரேசியைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளை கைகால் அசைவதைப் பார்த்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். அவனுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"ஏலே, நீ ஏன்லே ஒதுங்கல?"

"என்னது?"

"செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரிஞ்சா, எதுத்தாப்புல ஒருத்தன் மூக்குக்கு நேரா வாரான்னு அர்த்தம். அவனும் சோத்தாங்கைப் பக்கம் ஒடிக்கணும், நானும் சோத்தாங்கைப் பக்கம் ஒடிக்கணும். கடல்ல அதான் சட்டம். நான் ஒடிச்சேன். நீ வந்துகிட்டே இருக்க!"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. புழுதியில் என் கார் அவன் கண்ணுக்கு இல்லை. புறப்படும் முன் நான் பத்து தரம் சொன்னதும் அவன் மண்டையில் இல்லை. இருட்டுக்குள் வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் பச்சை, இரண்டும் ஒன்றாகப் பளிச்சென்று தெரிந்தன. எதிரே கப்பல் வருகிறது என்று கை தானாக வலது பக்கம் ஒடித்துவிட்டது.

நான் கேட்ட சிவப்பே கிடைத்திருந்தால்? முன்னால் கார் நிற்கிறது என்று ஒழுங்காகப் புரிந்துகொண்டிருப்பான். ஒழுங்காகப் பிரேக்கை மிதித்திருப்பான். அந்தப் பிரேக்கை! ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். லாரிச் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிய தடம், பின் சீட்டுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவன் பக்கத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். கூறுகெட்டவனே என்று ஏசிய நானே அவன் முகத்திலிருந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துவிட்டேன்.

ரோச் கண்ணை மூடித் திறந்தான். வலி ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவனுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அடுத்த வாட்டி நீயும் ஒடிக்கணும். கேட்டியா?"

"ஒடிக்கேன்லே" என்று கத்தினேன். "சத்தியமா ஒடிக்கேன்லே, ரோச்சு!"

அழுதுகொண்டே கத்தியதில் என் வாய் கோணிப்போய், நான் என்ன சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. என் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, "என்னது?" என்றான்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.