சீட்டுக்குப் பின்னால் இரண்டு பாட்டில்

வேலுமணியின் சைக்கிளிலிருந்து அந்த இரண்டு பாட்டில் கூண்டுகளையும் கழற்றியது நான்தான். ஒரு ஸ்பேனர் போதுமாக இருந்தது. இரண்டு நிமிட வேலை.

1996 புரட்டாசியில் எங்கள் நீச்சல் கிளப் ஒரு டிரையத்லான் நடத்தியது. கொடுமுடியில் காவிரியில் இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் அங்கிருந்து கோயமுத்தூர் வரை நூற்றிருபது கிலோமீட்டர் சைக்கிள். பிறகு நகரத்துக்குள் இருபது கிலோமீட்டர் ஓட்டம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது. முதல் மூன்று இடங்களுக்குள் வரும் உள்ளூர்க்காரருக்குத் தன் விளையாட்டுப் பிரிவில் நிரந்தர வேலை தருவதாக ஒரு மில் எழுதிக் கொடுத்திருந்தது.

வேலுமணிக்கு அந்த வேலை வேண்டும். பீளமேட்டில் ஒரு பம்புப் பட்டறையில் அவன் கடைசல் வேலை பார்த்தான். ஆறு வருடமாகத் தற்காலிகம். அதே பட்டறையில் நான் படம் வரைபவன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவன் என்னிடம் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ங்க’ இருக்கும். நான் அவனிடம் பேசும்போது அது இருக்காது. அதை நாங்கள் இருவருமே கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அவன் மனைவி ராமாமணிக்கு அப்போது ஆறு மாதம். மில் குவார்ட்டர்ஸைப் பற்றி ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான்: “ஊட்டுக்குள்ளயே பைப்பு இருக்குதாமுங்க. யாரு கொடத்துக்குப் பின்னாலயும் நிக்க வேண்டீதில்லீங்க.”

அவன் நீந்துவதை முதலில் பார்த்தது கிளப்பின் ஒரு திறந்த போட்டியில். எங்கே பழகினாய் என்று கேட்டேன். வாய்க்காலில் என்றான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கிணற்றில்தான் பழகுவோம். ஏன் வாய்க்கால் என்று நான் கேட்கவில்லை. அவன் ஊரின் காலனியைச் சேர்ந்தவன் என்பதும், தோட்டத்துக் கிணறுகளில் அவர்களை இறங்க விடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயத்தைக் கேட்காமலே இருந்துவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைக்கிற வீட்டில் நான் வளர்ந்தேன்.

நீண்ட போட்டியில் கால்களைவிட வயிறுதான் முதலில் கைவிடும் என்று டவுன்ஹால் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் பத்திரிகைகளில் படித்திருந்தேன். சைக்கிளில் இருக்கும் நாலு மணி நேரத்தில் தின்பதும் குடிப்பதும்தான் கடைசி ஓட்டத்தைத் தீர்மானிக்கும். அந்தப் பத்திரிகைகளில் இருந்த எதுவும் இங்கே கிடைக்காது. நாங்களே செய்து பார்த்தோம். கடலை உருண்டை, வாய் காய்ந்தபின் மெல்ல முடியாமல் கல்லாகிவிட்டது. வாழைப்பழம் பனியனின் முதுகுப் பையில் நசுங்கியது. கடைசியில் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழங்களைச் சைக்கிளின் மேல் கம்பியில் இன்சுலேஷன் டேப்பால் வரிசையாக ஒட்டினான். கட்டைவிரலால் நெம்பினால் ஒன்று வரும். ஒரு பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, குளுக்கோஸ். இன்னொன்றில் ராமாமணி துணியில் வடிகட்டிக் கொடுத்த ராகிக் கூழும் வெல்லமும். கூழ் பாட்டிலின் மூக்கில் அடைத்துக்கொண்டதால் மூடியின் துளையை லேத்தில் பிடித்துப் பெரிதாக்கினான்.

பாட்டில் கூண்டுகளும் அவன் செய்தவைதான். அலுமினியக் கம்பியை வைஸில் இறுக்கிப் பிடித்து, ஒரே கம்பியாக, எங்கும் ஒட்டுப்போடாமல் வளைத்திருந்தான். இரண்டு கூண்டு சட்டத்துக்குள். இன்னும் இரண்டு சீட்டுக்குப் பின்னால், முயல் காதுபோல மேலே நீட்டிக்கொண்டு. இங்கிலீஷ் பத்திரிகையில் அப்படி ஒரு படம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை நான் அவனுக்குக் காட்டியதில்லை. அது அவனாக யோசித்தது.

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கிளப் அவனுக்கு இரவல் கொடுத்திருந்த சைக்கிளைப் பட்டறையில் வார்ப்புகளை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். பின்னால் இருந்த இரண்டு பாட்டிலும் தண்ணீரும் கூண்டும் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ. பெருந்துறையைத் தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதில் ஒன்றே முக்கால் கிலோ பெரிய எடை.

“இதென்ன சைக்கிளா, தண்ணி லாரியா?” என்றேன்.

“லாரிக்காரன் தாகத்துல சாக மாட்டானுங்க” என்று சிரித்தான்.

வழியில் மூன்று இடங்களில் நிரப்பிய பாட்டில்களோடு ஆட்கள் நிற்பார்கள், காலிப் பாட்டிலைப் போட்டுவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம், எதற்குச் சுமக்கிறாய் என்று விளக்கினேன். சிவகிரியிலும் பெருந்துறையிலும் கிளப் பையன்கள். மூன்றாவது இடம் அவிநாசிக்கு முன்னால் எங்கள் ஊர்; அது அவனுக்கு முன்பே தெரியும். அதை ஏற்பாடு செய்தவன் நான். தண்ணீர்ப் பொறுப்பை என் பெரியப்பா திருமலைசாமி ஏற்றிருந்தார். போட்டிக் கமிட்டியில் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வேலுமணி ஸ்பேனரைப் பார்த்தான். “நம்ம தண்ணி நம்ம கூட இருந்தா நல்லதுங்க.”

“யார் குடுத்தாலும் தண்ணி தண்ணிதான் வேலு.”

அவன் லேத்துக்கு அடியில் கிடந்த பித்தளைச் சுருள்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். வெகுநேரம். எனக்கும் அதிகம் பேசுவது பிடிக்காது. ஒருவன் பேசாமல் இருந்தால் அதைக் கெடுக்கக் கூடாது என்று நினைப்பவன் நான். அவனுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில், “நீங்க சொன்னாச் சரிங்க” என்றான். நான் கழற்றினேன். கூண்டுகளை என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

போட்டியன்று அவன் ஆற்றிலிருந்து இரண்டாவதாகக் கரையேறினான். நான் அவன் சைக்கிளேறியதைப் பார்த்துவிட்டு மொபெட்டில் குறுக்கு வழியாக எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். பதினொரு மணிக்குத் தார் இளகத் தொடங்கியிருந்தது. புளியமரத்தடியில் இரண்டு பெஞ்சு, வெள்ளைத் துணி, அதன்மேல் நாற்பது பாட்டில். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி முன்னால் நின்றார். ஊர்க்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள். நான் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன்.

முதலில் வந்தவன் பெங்களூர்க்காரன். பெரியப்பா அவனோடு நாலடி ஓடிப் பாட்டிலைக் கையில் கொடுத்தார். “வாங்க கண்ணு, மெதுவா, மெதுவா. பத்தலைன்னா இன்னொண்ணு எடுத்துக்குங்க.” அவனுக்குத் தமிழ் தெரியாது. சிரித்துவிட்டுப் போனான். அடுத்தவன் சென்னை. அவனுக்கும் கண்ணு, அவனுக்கும் ங்க. எங்கள் பக்கத்து மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சுவது சும்மா அல்ல. அவர்கள் யார், என்ன ஆட்கள் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரியாததால் கொடுத்தார்.

மூன்றாவதாக வேலுமணி வந்தான். சட்டத்தில் இருந்த இரண்டு பாட்டிலும் காலி. ஒன்றைக் கழற்றிக் கையில் தயாராக வைத்திருந்தான். வேகத்தைக் குறைத்துக் கையை நீட்டினான்.

பெரியப்பா பாட்டிலை நீட்டியவர், முகத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நீ மோட்டாருக்கு வந்தவன்தானே?”

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தோட்டத்து மோட்டார் நின்றுபோனபோது வேலுமணியை நான்தான் கூட்டிவந்தேன். பெரியப்பா அவனிடம் எந்த ஊர் என்று கேட்டார், பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். வேலை முடிந்து அவன் தண்ணீர் கேட்டபோது குனிந்து கையை ஏந்தச் சொல்லிச் சொம்பிலிருந்து மேலே தூக்கி ஊற்றினார். நான் அப்போது தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அது நினைவில் இருந்தது. போட்டியோடு சம்பந்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கிராமையும் எடைபோட்ட நான் இதை எடைபோடவில்லை.

“எறங்கு” என்றார் பெரியப்பா. கோபமாக அல்ல. அவர் குரலில் கோபமே இல்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து சொம்பை எடுத்தார். “கையை ஏந்து, ஊத்தறேன்.”

வேலுமணி ஒரு காலைத் தரையில் ஊன்றினான். பெரியப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான்.

ஆறடி இருக்கும். நடுவில் பெரியப்பாவின் முதுகு. இந்தப் பக்கம் சித்தப்பா மகன், பங்காளிகள். நான் பாட்டிலின் மூடி சரியாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் திருகினேன். தலை நிமிர்ந்தபோது அவன் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

“தாகமில்லையாட்ட இருக்குது” என்றார் பெரியப்பா. ரெண்டு பேர் சிரித்தார்கள்.

நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மூன்று கிலோமீட்டரில் பிடித்துவிட்டேன். கொஞ்ச தூரம் பின்னால் நடுவரின் மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய்ப் பாட்டிலை நீட்டினேன். “இந்தா வேலு.”

அவன் திரும்பவில்லை. உதட்டோரம் உப்பு வெளுத்திருந்தது.

“எடத்தைத் தாண்டி வாங்குனா ரூலுங்க. வேலையே போயிருமுங்க.”

விதி எனக்குத் தெரியும். தட்டச்சு செய்தவன் நான். குறித்த இடத்தைத் தவிர வேறெங்கும் எதையும் கையில் வாங்கினால் போட்டியிலிருந்து நீக்கம். ஆனாலும் நீட்டிய கையை எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். காற்று எதிரே அடித்தது. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“அங்கயே குடுத்திருக்கலாமுங்க.”

நான் வண்டியைப் பின்தங்க விட்டேன்.

கருமத்தம்பட்டிக்குச் சற்று முன்னால் அவன் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. ஒரு விசைத்தறிக் கூடத்தின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேல் கம்பியில் ஒட்டிய பேரீச்சம்பழங்களில் பாதி அப்படியே இருந்தன. எச்சில் இல்லாத வாயில் அவை இறங்கியிருக்காது. ஒவ்வொருவராக ஏழு பேர் கடந்து போவதை அவனோடு சேர்ந்து நானும் ரோட்டின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு எழுந்து, ஏறி, கோயமுத்தூர் வந்து, இருபது கிலோமீட்டரில் பெரும்பகுதியை நடந்தே முடித்தான். பதினான்காவது இடம்.

மூன்றாம் இடம் பிடித்தவன் உள்ளூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவன். அவன் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மேல்படிப்புக்குப் போய்விட்டான்.

பரிசளிப்பு விழாவில் தண்ணீர் கொடுத்து உதவிய ஊர்ப் பெரியவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். கமிட்டியின் சார்பில் நன்றியுரை வாசித்தது நான். கொளுத்தும் வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் தாகம் தணித்தவர் என்று பெரியப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். போட்டிக்கு முந்தின வாரமே எழுதி வைத்தது. மாற்றாமல் வாசித்தேன். கடைசி வரிசையில் வேலுமணியும் ராமாமணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கைதட்டினாள். அவன் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு ஒரு கணக்கு அப்புறம்தான் புரிந்தது. பெருந்துறையில் கிளப் பையன்களிடம் நான்கு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டால் கோயமுத்தூர் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. மூன்றாவது இடத்தில் நிற்காமலே போகலாம். அவன் அந்த இரண்டு கூண்டுகளைச் செய்தது நூற்றிருபது கிலோமீட்டருக்காக அல்ல. எங்கள் ஊரைக் கடப்பதற்காக.

திங்கட்கிழமை சைக்கிளைத் துடைத்து, கிளப்பில் திருப்பிக் கொடுப்பதற்காகப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். என் மேசைக்கு வந்து நின்றான்.

“பின்னால போட்டிருந்த கூண்டு ரெண்டும் உங்ககிட்ட இருக்குதுங்களா?”

இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பெரியப்பா பழைய காலத்து மனுஷன் என்று ஆரம்பித்தேன். அவன் மிகவும் பொறுமையாக, நான் முடிப்பதற்காகக் காத்து நின்றான். முடிக்கத் தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு லேத்துக்குப் போனான்.

அந்தக் கூண்டுகளைத் தினமும் வேலைக்கு வரும் தன் பழைய சைக்கிளில், சீட்டுக்குப் பின்னால் பொருத்திக்கொண்டான். வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் வரும். பட்டறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மண்பானை உண்டு. ஆறு வருடம் அதிலிருந்துதான் குடித்தான். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், வரைபடத்தில் தவறிருந்தால் காட்டுவான், ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை.

சில மதியங்களில், வெயில் தகரக் கூரையில் இறங்கும்போது, நான் பானையிலிருந்து ஒரு டம்ளர் மோந்து அவன் லேத்துப் பக்கம் கொண்டுபோவேன். அவன் மிஷினை நிறுத்தமாட்டான்.

“இருக்குதுங்க” என்பான்.