அமெரிக்கத் தூக்கம்

ஓர் இரவுத் தூக்கத்துக்கு சூப்பர்வைசர் மோகன் மூவாயிரம் விலை சொன்னார். சசிரேகா அதை ஐயாயிரத்துக்குப் படியவைத்தாள்.

அமெரிக்காவில் பயிற்சி முடித்து அன்று விடியற்காலைதான் வந்து இறங்கியிருந்தாள். ஒரகடம் ஃபேக்டரியில் பிரேக் பாகம் அடிக்கும் புது லைன் அன்றே ஓடியாக வேண்டும். முதல் பாகத்தை அளந்து 'சரி' என்று பச்சைச் சீட்டு ஒட்டும் அதிகாரம் அவளுக்கு மட்டும்தான்; தூங்கப் போகாமல் நேரே வேலைக்கு வரத்தான் அந்தப் பணம்.

"நைட் ஷிஃப்ட்லயே ஆறு வருஷம் பொரண்டவ சார் நானு. ஏரோப்பிளேன் இன்னா பண்ணிடும்?" என்று சொந்த ஊரான வடக்குப்பட்டின் வீறாப்போடு சொல்லியிருந்தாள்.

நைட் ஷிஃப்டில் தூக்கம் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும்; விடிந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம். இப்போதோ உடம்பு மட்டும் ஊர் வந்திருந்தது. மதியச் சோறு உள்ளே இறங்க, அமெரிக்காவில் நடுச்சாமம். நின்றபடியே கண் செருகிற்று. விழித்தபோது கையில் அளக்கும் வெர்னியர். முதல் பாகத்தின்மேல் பச்சைச் சீட்டு. பிரஸ் மிஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அளந்தாளா? அளந்த ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஞாபகத்தில் அமெரிக்க ட்ரெய்னர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"சந்தனமாரி, இத நான் அளந்தேனாடீ?"

தென்காசிப் பக்கத்து ஆப்பரேட்டர் பெண் திருதிருவென்று விழித்தாள். "என்னக்கா இப்டி கேக்கிய? சீட்டு ஒட்டியிருக்குன்னுதான மிஷின ஓட்டுனேன்!"

பாகத்தின் துளை கொஞ்சம் பெருத்தாலும் பிரேக் பிடிக்காது. லைனை நிறுத்தினால் ஐயாயிரத்தை மோகன் பிடித்துக்கொள்வார். சசிரேகா சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

மோகன் பறந்து வந்தார். "ஏம்மா நிறுத்தின? கஸ்டமர் லாரி நிக்குதுல்ல!"

"அளந்தனான்னு தெரில சார்."

"சீட்டுல உன் கையெழுத்துதானம்மா கீது?"

"கையெழுத்து முழிச்சிக்கினுதான் கீது சார். நான்தான் தூங்கிட்டேன்."

மறுபடி அளந்தாள். இன்னொரு முறையும் அளந்தாள். துளை பெரிதுதான்.

அடித்த பாகங்களில் பாதி அதற்குள் லாரி ஏறியிருந்தன. சந்தனமாரி லாரிக்குள் தாவிப் பெட்டிகளை இறக்கினாள். மோகன் திட்டிக்கொண்டே பிரித்தார். சசிரேகா ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கினாள். கண் செருகும்போதெல்லாம் கன்னத்தில் அறைந்துகொண்டு முதலிலிருந்து எண்ணினாள்.

மிஷின் அடித்தது எண்பத்தாறு. தரையில் இருந்தது எண்பத்தைந்து. பாக்கி ஒன்று, அவள் அளந்த இடத்திலேயே, பச்சைச் சீட்டோடு இருந்தது.