பிந்தி வரும் குரல்

வடக்குப்பட்டுப் பக்கம் மனை விலை மறுபடி ஏறிய ஆண்டில், நூற்றுக்கணக்கான பேருக்குக் குரல் தாமதமாக வர ஆரம்பித்தது. பேசும்போது உதடு அசையும், சத்தம் இருக்காது. ஆள் எழுந்து போன பிறகு, பேசிய இடத்திலேயே பேச்சு கேட்கும். படப்பையில் ஒருவர் ஷேர் ஆட்டோ ஏறி ஒரகடம் போய்ச் சேர்ந்த பின்பும், அவர் பேசிய பேரம் நிறுத்தத்தில் ஒலித்தது. நின்றவர்கள் சற்று விலகி அதற்கு வழிவிட்டார்கள்.

இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த கார்முகிலுக்குப் பேச்சு மூன்று மணி நேரம் பிந்தியது. குரல் கொடுக்க முடியாதவனை லைனில் நிறுத்த முடியாது என்று சூப்பர்வைசர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் அக்கா சத்யப்பிரியா மறைமலை நகரில் ஒரு மருத்துவ ஆய்வு மையத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவள். அந்த நோய்க்கு ஒரு மாத்திரையைச் சோதிக்கும் வேலை அவள் மையத்துக்கே வந்தது. தம்பியும் நோயாளிகளில் ஒருவன் என்பதை அவள் சோதனையை நடத்தும் டாக்டர் பெரியநாயகத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். குலுக்கல் போட்டு நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொன்றுக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. மூன்றாம் மாதம் கார்முகிலுக்கு உதட்டசைவும் குரலும் ஒன்றாக வந்தன. லைனில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

குழு விவரத்தைத் திறந்து பார்த்தபோது, மருந்து சாப்பிட்ட அறுபது பேரில் முப்பத்தொருவர் குணமாகியிருந்தார்கள், கார்முகில் உட்பட. மாவு மாத்திரை சாப்பிட்ட அறுபது பேரிலும் இருபத்திரண்டு பேர் குணமாகியிருந்தார்கள். மருந்துக்கு எந்தச் சக்தியும் இல்லாவிட்டாலும், இவ்வளவு வித்தியாசம் நூற்றுக்குப் பத்து முறை தற்செயலாகவே வந்துவிடும் என்று கணக்குச் சொன்னது. ஐந்துக்குள் வந்தால்தான் ஏற்பது என்று தொடங்கும்போதே முடிவு செய்திருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காக விழுங்காத சிலரை நீக்கிப் பார்த்தாள் சத்யப்பிரியா. எண் ஐந்துக்குக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிவு தெரிந்த பின் ஆட்களை நீக்குவது முறையல்ல என்று, நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்தாள். இன்னும் நிறையப் பேரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கேட்டார். மருந்துக் கம்பெனி மறுத்து, மாத்திரையை நிறுத்தியது.

"அப்ப மருந்து வேல செய்யலன்றியா?" என்று கார்முகில் கேட்டான்.

"அப்டி சொல்லலடா. செஞ்சிச்சின்னு சொல்ல முடியல, அவ்ளோதான்."

"எனக்கு செஞ்சிச்சேக்கா."

"ஒனக்கு அதுவாவே கூட சரியாயிருக்கலாம். ஒருத்தர வச்சி இன்னான்னு சொல்றது?"

அவன் ஷிப்டுக்குக் கிளம்பினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் அவன் குரல் மறுபடி பிந்தத் தொடங்கியது. மாவு மாத்திரையில் குணமான சிலருக்கும் அப்படியே ஆனதால், அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியவில்லை. வேலை போய்விடுமே என்று கார்முகில் லைனில் வாயைத் திறக்காமல் தலையாட்டியே சமாளித்தான். ஒருநாள் காலை ஷிப்ட் முடியும் நேரத்தில், சிக்கிய தகட்டை எடுக்க உடன் வேலை பார்க்கும் அப்பாவு பிரஸ்ஸுக்குள் கைவிட்டபோது, மறுபக்கம் நின்றவன் அது தெரியாமல் இயந்திரத்தை ஓட்டினான். கார்முகில் கத்தினான். சத்தம் வரவில்லை. ஓடிப்போய் இழுப்பதற்குள் அப்பாவுவின் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அடுத்த ஷிப்ட் வேலையில் இருந்தபோது, "அப்பாவு, கைய எட்றா" என்று அந்த இடத்தில் குரல் கேட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் லைனை நிறுத்தி, பிறகு ஓட்டச் சொன்னார்.

கார்முகிலைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே பேச்சுக்கு வேலையில்லை. சத்யப்பிரியா இப்போது வேறு நோய்களுக்கான சோதனைகளில் கணக்குப் பார்க்கிறாள். தம்பி வந்துபோகும் விடுமுறை நாட்களில், அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, யாருமில்லாத வாசல்பக்கமிருந்து "வரேங்க்கா" என்று கேட்கும். "பாத்துப் போடா" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள்.