சக்கரத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் யாரை வேண்டுமானாலும் மறித்துக் கேட்கலாம்.

வாடகைக்கு வான் ஓட்டிப் பிழைக்கிற சாந்தகுமாருக்குப் பேய், பிசாசு, பொலிஸ் எதற்கும் பயமில்லை. பயமெல்லாம் முன்சீட்டுக்கு அடியில் எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டிக்கொண்டு கிடந்த டர்போவுக்குத்தான். கண்டி வீதி ஏற்றமொன்றில் அதன் காற்றுச் சக்கரம் ஒருமுறை வெடித்தது. வெடித்த இலை தகட்டைத் துளைத்து, அவருடைய மீசையின் இடது பாதியை வழித்துக்கொண்டு, ஜன்னலால் பறந்து, தெருவோரக் கடையில் தொங்கிய தெம்பிலி இளநீர்க் குலை முழுவதையும் தலை சீவிவிட்டுப் போனது. கடைக்காரர் பதறவில்லை. ஸ்ட்ரோக்களைச் செருகி விற்றுத் தீர்த்தார். சாந்தகுமாருக்குத்தான் அன்றிலிருந்து சீட்டில் முழுப் பாரத்தையும் இறக்கி உட்கார முடியவில்லை. மீசையும் அந்தப் பக்கம் முளைக்கப் பயந்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் டர்போ திருத்துகிற ராசிக் நானாவிடம் போனார். கோயிலுக்குப் போகவேண்டுமென்று மாமியார் சிவக்கொழுந்தும் கூடவே ஏறிக்கொண்டார்.

ராசிக் உடைந்த சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வார்ப்புத் தம்பி. அலுமினியத்தை உருக்கி அச்சில ஊத்தி எடுக்கிறது. ஒழுங்கா ஊத்தினா வருசக்கணக்கா ஓடும். இது அவசரத்தில ஊத்தினது. உள்ளுக்குப் பாருங்க, காத்துக் குமிழ். கடுகளவும் இல்ல. ஆனா நிமிசத்துக்கு லட்சம் தரத்துக்கு மேல சுத்தக்குள்ள, வெடிப்பு அதுல இருந்துதான் ஓடும்."

"அப்ப டைட்டேனியத்திலை போடுங்கோ நானா. உயிரல்லோ!"

"போடலாம். அது சூட்டுக்கும் மசியாது, லேசில களைக்கவும் மாட்டா. ஆனா அலுமினியத்தை விடப் பாரம். நீங்க மிதிச்சு, அது யோசிச்சு, பொறகுதான் சுத்தும்." ராசிக் ஒரு துணியை விரித்தார். உள்ளே மினுமினுவென்று ஒரு புதுச் சக்கரம். "இது அடிச்சு இறுக்கின அலுமினியக் கட்டியில இருந்து கடைஞ்செடுத்தது. குமிழுக்கு இடமே இல்ல. பலம் கூடினபடியா இலையை மெல்லிசா வெட்டலாம், நடுவையும் சின்னதாக்கலாம். காத்துக் கூடப் போகும். மிதிச்ச கையோட எழும்பும்."

"வெடிக்காதோ?"

"பாரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தாச் சரி. ஒரு பக்கம் கூடினா எவ்வளவு நல்ல சக்கரமும் ஆடும், சுவர்ல உரசும், பொறகு உங்கட மத்தப் பாதி மீசையும் போகும். நான் என்ட விரல் அடையாளத்தையே துடைச்சிட்டுத்தான் பூட்டுற. ஒரு ஈ வந்து குந்தினாலும் எனக்கு நித்திரை வராது."

எல்லாம் பூட்டியாயிற்று. காற்றுக் குழாய் மட்டும் மிச்சம் இருந்தபோது ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ராசிக் பள்ளிவாசலுக்குப் போனார். சாந்தகுமார் பிளேன்டீ குடிக்கப் போனார். கோயிலால் வந்த சிவக்கொழுந்து பட்டறையில் தனியே காத்திருந்தார். பிறகு ராசிக் திரும்பி வந்து குழாயைப் பூட்டி, "பயப்படாமப் போங்க" என்று அனுப்பிவைத்தார்.

மரைன் டிரைவில் கடற்காற்று முகத்தில் அடிக்க, அந்த வெடிப்புக்குப் பிறகு சாந்தகுமார் முதல் முறையாகச் சீட்டில் முழுதாக உட்கார்ந்தார். அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார்.

"இனிப் பயமில்லைத் தம்பி. நான் ஒரு பொட்டும் வைச்சு விட்டனான்."

"எதுக்கு மாமி?"

"அந்த ஓட்டைக்குள்ளை தாமரைப்பூ மாதிரி ஒண்டு மினுங்கிச்சுதெல்லே? அதுக்குத்தான். கோயில் சந்தனம்."

சாந்தகுமார் மிதியில் இருந்து காலை எடுத்தார். "எல்லா இதழிலையுமோ, ஒண்டிலையோ?"

"எல்லாத்துக்கும் வைக்க நான் என்ன சந்தனக் கட்டையே கொண்டு திரியிறன்? ஒண்டிலைதான். நல்லாத் தடிப்பா அப்பி."

அந்த அம்மா பொட்டு வைத்தால் நெற்றியில் புருவம் மிஞ்சாது. சக்கரமோ அவருடைய சீட்டுக்கு நேர் கீழே. வெடித்தால் முதலில் போவது மாமியார். அதற்குப் பிறகு மனைவி உஷாந்தியின் முகத்தில் விழிப்பதைவிட இரண்டாவது இலை தன்மேல் பாய்வதே மேல் என்று சாந்தகுமாருக்குத் தோன்றியது.

வானை ஓரங்கட்டினார். "மாமி, ஒருக்கா இறங்குங்கோ. சீட்டைத் தூக்கித் துடைச்சுப்போட்டு வாறன்."

"வெள்ளிக்கிழமையிலை சாமிச் சந்தனத்தைத் துடைக்கிறதோ? நான் இறங்கன். தேவையெண்டால் என்னோடை சேர்த்துச் சீட்டைத் தூக்கும்."

தூக்கக்கூடிய உடம்பில்லை அது. சாந்தகுமார் முட்டையின்மேல் மிதிப்பதுபோல மிதித்து, ஊர்ந்தார். நடைப்பயிற்சிக்காரர்கள் முந்தினார்கள். பாண் விற்கிறவனின் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு முந்தியது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவும் பயம்.

பின்னால் அம்புலன்ஸ் அலறியது. இடப்பக்கம் நிறுத்திய வாகனங்கள் வரிசையாக, வலப்பக்கம் எதிரே பஸ். ஒதுங்க இடமில்லை.

"விடும் தம்பி, பாவம், ஆற்றையோ உயிர்!" என்றார், தன் உயிர் எதன்மேல் இருக்கிறதென்று தெரியாத சிவக்கொழுந்து.

சாந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். முதலில் ஒரு விசில். அது நாதஸ்வரமாகி, பிறகு அலறலாகியது. ஸ்டியரிங் குளிர்காய்ச்சல் கண்டது. மாமியாரின் பொய்ப்பல் மடியில் விழுந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடிய ரயில், வானின் விசிலைத் தன் சிக்னல் என்று எண்ணி, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நின்று ஆட்களை ஏற்றியது. காலுக்குக் கீழே ஏதோ தட், தட் என்று சுவரில் உரசத் தொடங்கியது. சாந்தகுமார் இரண்டு பாதங்களையும் தூக்கிக்கொண்டார்.

திடீரென்று சத்தம் நின்றது.

செத்துப்போய்விட்டோம் என்றுதான் நினைத்தார். ஆனால் சந்தன வாசம் வந்தது. பொட்டு காய்ந்து கழன்று, எஞ்சினுக்குள் எரிந்து, சைலன்சரால் புகைந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆட்கள் தேர் வருகிறதென்று நிறைகுடம் வைத்துக் காத்து நின்றார்கள்.

சிவக்கொழுந்து பல்லை எடுத்துப் போட்டுக்கொண்டார். "பாத்தீரே, சாமி என்னமாதிரிக் காப்பாத்தினது? இனி ஒவ்வொரு வெள்ளியும் நானே வைச்சு விடுறன்."

சாந்தகுமாரின் கால்கள் இன்னும் தரைக்கு இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: அவருடைய வான், டர்போ என்பதே இல்லாத பெற்றோல் வான்.