ஊசித் துளை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் பெரியம்மா. ஊருக்கெல்லாம் எழுதுகிறாயே, எனக்கு நாலு வரி எழுதமாட்டாயா என்று உரிமையோடு கேட்டார். மூளை ஆராய்ச்சி என்றாலே எல்லோரும் சிரித்த காலத்தில், மாடிப்படிக்குக் கீழே ஆய்வுக்கூடம் தொடங்கியவர். பதக்கக் கதையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் சொன்னது வேறு.

2

முதல் தொடக்கம்: "அறிவியலின் இருண்ட வானில் விடிவெள்ளியாய்..." (வேண்டாம். பெரியம்மா படித்தால் என்னைத் தொலைத்துவிடுவார்.)

இரண்டாவது: மூளையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டும்போது ஒரு சீவல் புரண்டுவிட்டால் இடம் வலம் தெரியாது. அதனால் சீவும் முன்பே வலப்பக்கத்தில் ஊசியால் துளை போட்டுவிடுவார்கள். அந்த வேலை செய்தவருக்குப் பட்டப்பெயரே 'சீவல்'தான். ஒரே ஒரு நாள், பொறுமையில்லாமல், பெரியம்மாவே துளை போட்டார். இடப்பக்கத்தில்.

(இங்கே "விதியின் ஊசி" என்று எழுதி அடித்துவிட்டேன். விதியாவது ஒன்றாவது, வெறும் அவசரம்.)

3

அந்த மூளையை வைத்துத்தான் அவருடைய முதல் கட்டுரை வந்தது. பக்கம் மாறியிருப்பதை வேறொரு கூடத்தார் கண்டுபிடித்துவிட்டார்கள். விசாரணையில் கேட்டபோது, "துளை போடுறது அவரோட வேலை" என்றார் பெரியம்மா. பொய்யில்லை. பக்கத்தில் நின்ற சீவல் வாயே திறக்கவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கும் வரவில்லை. பெரியம்மா மேலே மேலே போனார்.

"நீ எழுதி முடிடி. அதை எடுத்துக்கிட்டு நானே அவர் வீட்டுக்குப் போறேன். வெறுங்கையோட போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்ல."

4

இதைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சீவலை ரொம்ப நல்லவராக எழுதினால் நம்பும்படி இல்லை, கோபக்காரராக்கினால்... என்று மல்லுக்கட்டினேன். பதினொரு தொடக்கம். மூன்று முடிவு: அவர் கதவைத் திறக்கிறார், திறக்கவில்லை, திறந்து, யாரென்று கேட்கிறார்.

போன வாரம், அந்த ஊசி எவ்வளவு நீளம் என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மகள். அப்பா போய் நாற்பது நாளாகிறது என்றாள்.

"ஏன்ப்பா அந்த வேலைய விட்டீங்கன்னு கேட்டா, அங்கேருந்து யாராச்சும் வந்து கேக்கட்டும், சொல்றேன்னு சொல்வாரு."

அவர் போன நாளில் நான் எந்தத் தொடக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

5

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் போன் பண்ணி, முடித்துவிட்டாயா, அவர் வீட்டுக்கு எந்த பஸ் போகுமென்று விசாரித்து வைத்திருக்கிறேன் என்றார். ஒரு பத்தி பாக்கி என்றேன்.

அந்தப் பத்தியை நீங்களே எழுதிக்கொடுங்கள். நான் எழுதினால், தாமதத்துக்கு வேறு யார் மேலாவது பழியைப் போட்டுவிடுவேன். எங்கள் குடும்பத்துக்கு அது நன்றாக வரும்.